வேகம் கூடினால் 'டிங் டிங்' அடிக்கும் காரை அமைதிப்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒருவர் ஓட்டிய காரை வாங்கிய புதிதில், மீட்டர் 110ஐத் தொடும்போதெல்லாம் ஒரு 'டிங்' கேட்கும். ஒன்றே ஒன்றுதான். வேகம் இறங்கி மறுபடி 110க்கு வந்தால் மறுபடி ஒரு 'டிங்'. எந்த விளக்கும் எரியாது, திரையில் ஒரு வரியும் வராது. இரண்டு வாரம் தேடினேன். மீட்டரையே கழற்றி பஸ்ஸரை எடுத்துவிடலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். நல்லவேளை, அதற்கு நாள் குறிப்பதற்கு முன் மேனுவலை ஒரு முறை முழுதாகப் படித்தேன். வைப்பர் தண்டின் நுனியில் இருந்த பட்டனை நான்கு முறை அழுத்தினால் ஒரு சின்ன மெனு வந்தது. அதில் வேக எச்சரிக்கை 110இல் நின்றது. எனக்கு முன்னால் ஓட்டியவர் வைத்தது. 'ஆஃப்' என்று மாற்ற பதினைந்து வினாடி ஆனது.

அதற்குப் பிறகு உறவினர்கள், நண்பர்கள் என்று பல பேருடைய கார்களில் இதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மணி அடித்த காரணம் வேறு, நிறுத்தும் வழியும் வேறு. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: யார் அடிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் கை வைத்தால், வேண்டாத சத்தத்தோடு வேண்டிய சத்தங்களும் சேர்ந்து போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பாதி முழுக்கக் கண்டுபிடிப்பதுதான். அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அது வேகத்துக்கான மணிதானா?

இதைக் கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் "வேகம் எடுத்தால் கத்துகிறது" என்று சொல்லி வருகிற கார்களில் சிலவற்றில் மணிக்கும் வேக வரம்புக்கும் சம்பந்தமே இருக்காது.

சீட் பெல்ட் நினைவூட்டல் முதல் சந்தேகம். நிற்கும்போது வெறும் விளக்காக இருந்துவிட்டு, 20, 25 கி.மீ. வேகம் வந்ததும் சத்தமாக மாறும். முன் சீட்டில் ஆள் இல்லையென்றாலும் கனமான பை ஒன்று இருந்தால் போதும், சீட்டுக்குள் உள்ள சென்சார் அதை ஆளென்று எடுத்துக்கொள்ளும். அடுத்தது ஹேண்ட்பிரேக். முழுதாக இறங்காமல் ஒரு பல் மேலே நின்றால் கார் நகர்ந்ததும் கத்தும். கதவோ டிக்கியோ சரியாக மூடவில்லை என்றாலும் அப்படியே. வெளி வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு இறங்கும்போது சாலையில் பனி உறைந்திருக்கலாம் என்று ஒரு முறை மணி அடிக்கும் கார்களும் உண்டு. டயர் காற்று குறைந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். மணி அடிக்கிற அந்தக் கணத்தில் எந்த விளக்கு வருகிறது என்று பாருங்கள். சிவப்பாக ஏதாவது எரிந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அந்த விளக்கைக் கவனியுங்கள்.

யார் அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் செல்போனில் மீட்டரை வீடியோ எடுக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே மீட்டரை ஆராய்வது எந்த மணியையும் விட ஆபத்தானது. வீடியோவைப் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சத்தம் எந்த வேகத்தில் வந்தது, அப்போது திரையில் என்ன தெரிந்தது என்று துல்லியமாகக் கிடைக்கும்.

1. வரம்புக்குள் ஓட்டக்கூடிய, கூட்டமில்லாத, வேக வரம்பு மாறும் சாலைகளாக இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மணி அடித்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எங்கே போனாலும் ஒரே எண்ணா? அது 80 அல்லது 120 என்றால், சட்டத்துக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய மணியாக இருக்க வாய்ப்பு அதிகம். 110, 130, 160 போன்ற வேறு எண் என்றால் யாரோ மெனுவில் வைத்தது.

3. சாலைக்குச் சாலை எண் மாறுகிறதா? அப்படியானால் கார் வேக வரம்புப் பலகையைப் படிக்கிறது, அல்லது வரைபடத்திலிருந்து வரம்பை எடுக்கிறது. அதே நேரத்தில் திரையில் வட்டப் பலகைப் படம் ஒன்று மின்னும்.

4. செல்போனை காரிலிருந்து முழுதாகத் துண்டித்துவிட்டு அதே சாலையில் ஒரு முறை போங்கள். சத்தம் நின்றுவிட்டால் கார்மீது குற்றமில்லை, செல்போனில் உள்ள வழிகாட்டும் செயலிதான் காரின் ஸ்பீக்கர் வழியாகப் பேசியிருக்கிறது.

5. வேறு சாவியை எடுத்து ஓட்டிப் பாருங்கள். இது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

6. காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மெல்லிய, கூர்மையான 'பீப்' என்றால் மீட்டருக்குள் இருக்கும் பஸ்ஸர். கதவு ஸ்பீக்கரில் வந்தால் ஆடியோ சிஸ்டம் வழியாக. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்தோ கண்ணாடிப் பக்கமிருந்தோ வந்தால் பிறகு பொருத்திய ஏதோ கருவி.

எண்களைக் குறிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மீட்டர் காட்டும் வேகமும் உண்மையான வேகமும் ஒன்றல்ல. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிமுறைப்படி மீட்டர் எப்போதும் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. வரை. உண்மையில் 80இல் போகும் கார் 92 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். அதனால் "செல்போனில் 76தான் காட்டுகிறது, அதற்குள் மணி அடிக்கிறதே" என்று குழம்ப வேண்டாம். டயர் அளவை மாற்றியிருந்தாலும் இந்த இடைவெளி மாறும்.

வகை ஒன்று: மெனுவில் யாரோ வைத்தது

எளிதான வகை, அதிகம் கவனிக்கப்படாத வகையும் கூட. மீட்டருக்கு நடுவில் சின்னத் திரை உள்ள எந்தக் காரிலும் இது இருக்கலாம். செட்டிங்ஸ், வெஹிக்கிள், அலர்ட் என்ற பெயர்களில் எதற்குள்ளாவது ஒளிந்திருக்கும். ஸ்டீயரிங்கில் உள்ள அம்புக்குறி பட்டன்களால் போவது, இல்லையென்றால் மீட்டரிலேயே உள்ள ட்ரிப் பட்டனை நீளமாக அழுத்துவது என்று கார் நிற்கும்போது எல்லாப் பக்கங்களையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். பல கார்களில் ஓடும்போது இந்த மெனு திறக்காது.

ஜெர்மன் கார்களில் இன்னொரு தனி வரி இருக்கும்: குளிர்கால டயர் எச்சரிக்கை. குளிர்கால டயர்கள் சில நேரம் காரின் உச்ச வேகத்தை விடக் குறைந்த வேகத்துக்கே தாங்கும். அதைத் தாண்டாமல் இருக்க 160, 190, 210 என்று ஒரு எண்ணை வைத்துவிடுவார்கள். டயரை மாற்றியதும் அந்த எண்ணை எடுக்க மறந்துவிடுவார்கள். வேக எச்சரிக்கை 'ஆஃப்' என்று இருந்தும் மணி அடித்தால், டயர் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

வகை இரண்டு: சாவிக்குள் இருக்கும் கட்டுப்பாடு

ஃபோர்டு 2010 மாடல்களிலிருந்து 'மைகீ' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புதிதாக ஓட்டும் பிள்ளைகளிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தச் சாவிக்கு மட்டும் கட்டுப்பாடு வைக்கலாம். மணிக்கு 45, 55, 65 மைல் என்ற மூன்று வேகங்களில் மணி அடிக்க வைக்கலாம், கி.மீ. கணக்கில் சுமார் 72, 88, 105. ஷெவர்லேயின் 'டீன் டிரைவர்' வசதியும் இதே எண்ணத்தில் வந்ததுதான், அதற்கு ரகசிய எண் (PIN) உண்டு.

இந்த வகையில் வரும் சிக்கல் ஒன்றுதான்: கட்டுப்பாடு உள்ள சாவியால் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க முடியாது. முதன்மைச் சாவி வேண்டும். பழைய காரை ஒரே சாவியோடு வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கும்போதே இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, மெனுவில் மைகீ பக்கத்தைத் திறந்து எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. மற்ற சாவி தொலைந்திருந்தால் சாவி புரோகிராம் செய்பவரிடம்தான் போக வேண்டும்.

வகை மூன்று: செல்போனும் ஒட்டுக் கருவிகளும்

வேஸ் என்ற வழிகாட்டும் செயலியில் செட்டிங்ஸுக்குள் ஸ்பீடோமீட்டர் என்று ஒரு பக்கம் உண்டு. வரம்பைத் தாண்டும்போது ஒலிக்கும் சத்தத்தை அங்கே தனியாக நிறுத்தலாம். வரம்புக்கு எவ்வளவு மேலே போனால் எச்சரிக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். மற்ற செயலிகளிலும் இதுபோல ஒரு பக்கம் தேடினால் கிடைக்கும்.

டேஷ்கேம், தனி நேவிகேஷன் கருவி, காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பெட்டி, வாடகை வண்டிகளில் வைக்கும் ஜிபிஎஸ் கருவி எல்லாவற்றிலும் சின்ன பஸ்ஸர் இருக்கலாம். டேஷ்கேமில் நீங்களே மாற்றலாம். காப்பீட்டுப் பெட்டியையும் நிறுவனத்து வண்டியில் உள்ள கருவியையும் தொடாதீர்கள், அதைக் கழற்றினால் உடன்படிக்கையை மீறியதாகிவிடும். வைத்தவர்களிடமே கேளுங்கள்.

வகை நான்கு: பலகையைப் படிக்கும் கார்

இப்போது அதிகம் பேர் தவிக்கிற இடம் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 என்ற விதிமுறைப்படி, 2022 ஜூலை 6 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் கார் மாடல்களிலும், 2024 ஜூலை 7 முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேக வரம்பை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். முன் கண்ணாடிக்கு மேலே உள்ள கேமரா பலகையைப் படிக்கும், வரைபடமும் கை கொடுக்கும், இரண்டையும் சேர்த்து வரம்பு என்ன என்று கார் ஒரு முடிவுக்கு வரும். ஓட்டுநர் இதை அணைக்கலாம், அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் காரை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது தானாகத் திரும்ப வந்துவிட வேண்டும் என்பதும் அதே விதிதான். "நேற்றுதானே அணைத்தேன், இன்றைக்கு மறுபடி கத்துகிறதே" என்பதற்குக் காரணம் இது. காரில் எந்தக் கோளாறும் இல்லை.

அணைத்துவிட்டு ஓட்டலாமா என்று கேட்டால், முதலில் சத்தத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்பேன். டொயோட்டாவில் பலகை உதவி அமைப்பின் செட்டிங்ஸில் மூன்று தேர்வுகள் இருக்கும்: எச்சரிக்கை வேண்டாம், படம் மட்டும், படமும் சத்தமும். டெஸ்லாவில் ஆட்டோபைலட் பக்கத்தில் வேக வரம்பு எச்சரிக்கைக்கு ஆஃப், டிஸ்ப்ளே, சைம் என்று மூன்று. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் காதுக்கு அமைதி, கண்ணுக்குத் தகவல் இரண்டும் கிடைக்கும். தெரியாத ஊரில் வரம்பு எவ்வளவு என்று திரையில் ஒரு பார்வை பார்ப்பது எனக்குப் பல முறை உதவியிருக்கிறது. அதை முழுதாக இழப்பது நஷ்டம்.

சத்தத்தை எடுக்க முடியாத கார்களில் இரண்டாவது வழி, வரம்புக்கு மேல் எவ்வளவு போனால் அடிக்க வேண்டும் என்பதை மாற்றுவது. சில கார்களில் 2, 5, 10 என்று கி.மீ. தேர்வு இருக்கும். மீட்டர் எப்படியும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது என்பதால் 5 வைப்பது நியாயமான அளவு. மூன்றாவது வழி, எச்சரிக்கை ஒலியின் அளவைக் குறைப்பது. பெரும்பாலான புதிய கார்களில் சவுண்டு பக்கத்தில் இதற்குத் தனி அளவுகோல் உண்டு. மற்ற எச்சரிக்கைகளும் சேர்ந்து குறையும் என்பதால் ஒரு படி மட்டும் இறக்குங்கள்.

இதெல்லாம் போதவில்லை, ஒவ்வொரு முறையும் அணைத்தே ஆக வேண்டும் என்றால் குறுக்குவழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் விற்கும் புதிய ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்கில் உள்ள மியூட் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் வேக எச்சரிக்கை ஒலி அடங்கிவிடும். ரெனோ கார்களில் 'மை சேஃப்டி ஸ்விட்ச்' என்று ஒரு பட்டன். எந்தெந்த உதவிகள் வேண்டாம் என்று மெனுவில் ஒரு முறை குறித்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு காரைக் கிளப்பியதும் அந்தப் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் போதும். மற்ற கார்களில் ஸ்டீயரிங்கில் உள்ள நட்சத்திர பட்டனுக்கோ, திரையின் முதல் பக்கத்துக்கோ இந்த வசதியை ஒதுக்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். சீட் பெல்ட் போடுவது, கண்ணாடி பார்ப்பது, பட்டனை அழுத்துவது என்று ஒரே வரிசையில் பழகிவிட்டால் ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

ஆனால் பல பேரை உண்மையில் எரிச்சல்படுத்துவது எச்சரிக்கை அல்ல, தப்பான எச்சரிக்கை. 100 வரம்புள்ள சாலையில் 60 என்று நினைத்துக்கொண்டு கார் கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்படித் தப்பாகப் படிப்பதற்குக் காரணங்கள் உண்டு, பாதியை நாமே சரி செய்யலாம்.

பிரதான சாலையை ஒட்டிப் பிரியும் கிளைச் சாலையின் பலகையை கேமரா எடுத்துக்கொள்ளும். முன்னால் போகும் லாரியின் பின்புறம் ஒட்டிய வேக ஸ்டிக்கரைப் பலகை என்று நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்தும் எடுக்காத தற்காலிகப் பலகை, பள்ளி நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பலகை, மழை நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பலகை எல்லாம் அதைக் குழப்பும். இவற்றுக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வருவதைப் பார்க்கும் உட்புறக் கண்ணாடிக்கு மேலே, கேமராவுக்கு நேர் எதிரே உள்ள முன்கண்ணாடிப் பகுதியை வெளியிலும் உள்ளேயும் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். வைப்பர் எட்டாத மூலை என்றால் அங்கே பூச்சியும் தூசியும் படலமாகச் சேர்ந்திருக்கும். நண்பர் ஒருவரின் காரில் வெளிப்புறம் பளபளவென்று இருந்தது; உள்ளே, கேமரா மூடிக்கு அடியில், புதுக் காரின் பிளாஸ்டிக் ஆவி படிந்த மெல்லிய மங்கல். அதைத் துடைத்தவுடன் மாலை வெயிலில் வந்துகொண்டிருந்த தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்தது வரைபடம். இரண்டு மூன்று வருடமாகப் புதுப்பிக்காத வரைபடத்தில் பழைய வரம்புகள் அப்படியே இருக்கும். முன்கண்ணாடியை மாற்றியிருந்தால் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரி செய்தார்களா என்று கண்ணாடி மாற்றியவர்களிடம் கேளுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் வேகப் பலகை மட்டுமல்ல, தடம் காக்கும் உதவியும் தானியங்கி பிரேக்கும் கூட சேர்ந்து தவறும். எல்லை தாண்டும் பழக்கம் உள்ளவர்கள் மைல், கி.மீ. அலகையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வகை ஐந்து: சட்டம் வைத்த மணி

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான பயணிகள் கார்களில் ஏஐஎஸ்-145 தரநிலைப்படி வேக எச்சரிக்கை கட்டாயம். 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு அடிக்கும், 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். ஓட்டுநர் ஏர்பேக், முன் சீட் பெல்ட் நினைவூட்டல், பின்புற பார்க்கிங் சென்சார் ஆகியவையும் அதே தேதியில் அதே விதியோடு வந்தவைதான். வளைகுடா நாடுகளுக்கென்று தயாரான கார்களில் 120இல் மணி அடிக்கும். அந்தக் கார்கள் வேறு நாடுகளுக்கு இறக்குமதியாகும்போது மணியும் கூடவே போகிறது. ஜப்பானில் 1970களில் கட்டாயமாக்கி, சாதாரண கார்களுக்கு 100ஐ ஒட்டிய வேகத்தில் அடித்த மணியை 1986இல் விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டில் எடுத்தார்கள் என்பதால் இன்னொரு நாட்டில் எடுக்கலாம் என்று ஆகாது.

இந்த வகை மணிக்கு மெனுவில் 'ஆஃப்' இருக்காது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சட்டம் கேட்கிற மணியை எடுப்பது, வண்டி ஒப்புதல் பெற்ற நிலையை மாற்றுவது. விபத்து நடந்து காப்பீடு கேட்கும்போது அது கேள்வியாக வரலாம். இறக்குமதி செய்த காரில், நீங்கள் இருக்கும் நாட்டில் அந்த மணி கட்டாயமில்லை என்றால் அது வேறு கதை. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் நாட்டு அமைப்பை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். செய்ய முடியும் என்றால் அதுதான் சுத்தமான வழி.

கட்டாயம் உள்ள நாட்டில் நான் சொல்லக்கூடிய வழி, மணிக்கு வேலை இல்லாமல் செய்வது. காரில் வேகக் கட்டுப்படுத்தி இருந்தால் அதை 78இல் வையுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலும் இதுவும் ஒன்றல்ல. க்ரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பிடித்து ஓட்டும். கட்டுப்படுத்தி நீங்கள் மிதித்தாலும் அந்த எண்ணுக்கு மேல் போக விடாது, ஆனால் மற்றபடி வழக்கம்போல ஓட்டலாம். முந்திச் செல்ல அவசரம் வந்தால் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் விடுவித்துவிடும். 80க்கும் 82க்கும் நடுவில் ஊசலாடுகிற கால்தான் அந்த மணியை அதிகம் அடிக்க வைக்கிறது. அந்த ஊசலாட்டத்தை எடுத்துவிட்டால் மணிநேரக் கணக்கில் ஓட்டினாலும் அமைதி.

120இல் நிற்காமல் அடிக்கிற மணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 80ஐ விட 120 ஒன்றரை மடங்கு வேகம்தான், ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அந்தச் சத்தத்தை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கு நான் செய்து கொடுக்கவில்லை.

கோடிங் மூலம் மாற்றுவது

சட்டம் தடுக்காத, ஆனால் மெனுவில் வழி இல்லாத மணிகளுக்கு இது பொருந்தும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் சோதனைக் கருவியை இணைக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு அடாப்டரைச் செருகி, செயலி வழியாகக் காரின் அமைப்புகளை மாற்றுவதுதான் கோடிங். ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா கார்களுக்கு விசிடிஎஸ், ஓபிடிலெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோடு, ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், பல பிராண்டுகளுக்கு காரிஸ்டா.

செய்யும் முறை சுருக்கமாக: என்ஜினை அணைத்து இக்னிஷனை மட்டும் போடுங்கள். பேட்டரி பழையதாக இருந்தால் சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள், எழுதும்போது மின்னழுத்தம் இறங்கினால் மீட்டர் பாதியில் நின்றுவிடக்கூடும். முதல் வேலையாக இப்போதுள்ள அமைப்பை முழுதாகச் சேமியுங்கள். திரையைப் படமும் எடுத்து வையுங்கள். பிறகு ஒரே ஒரு மதிப்பை மாற்றி எழுதி, இக்னிஷனை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். ஒன்று சரியாக வந்த பிறகுதான் அடுத்தது. இணையத்தில் கிடைக்கும் பட்டியலைப் பார்த்து ஒரே மூச்சில் பத்தை மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

புதிய கார்களில் இந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. ஃபியட் கிரைஸ்லர் கார்களில் 2018 வாக்கிலேயே, வெளிக் கருவிகள் அமைப்புகளை மாற்ற விடாமல் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே வந்துவிட்டது. எட்டாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து ஃபோக்ஸ்வாகன் குழுமமும் பூட்டியிருக்கிறது. வாகன இணையப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் 155ஆம் எண் விதிமுறை இதை இன்னும் இறுக்கியது. அப்படியே மாற்றினாலும் சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழையபடி வந்துவிடலாம். காரைக் கிளப்பியதும் 'ஆஃப்' பட்டனைத் தானாக அழுத்தும் சின்னப் பெட்டிகளும் விற்கிறார்கள். காரின் உள் வலையில் யார் எழுதியதென்று தெரியாத ஒன்றை நிரந்தரமாகச் செருகி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்யூஸ், ஒயர், டேப்: வேண்டாம்

ஒரு பஸ்ஸரைப் பல எச்சரிக்கைகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆயில் அழுத்தம், என்ஜின் சூடு, கதவு, சீட் பெல்ட், விளக்கு அணைக்க மறந்தது எல்லாம் அதே பஸ்ஸரில்தான். தெரிந்த ஒருவர் பஸ்ஸர் துளைமேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டி வேக மணியை அடக்கினார். மறு மாதம் ஒரு மழை மாலையில் ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கிப் போனார். கதவைத் திறந்தபோது கார் சொல்லத்தான் செய்தது, கேட்கத்தான் வழியில்லை. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரியோடு போனதால் பரவாயில்லை. ஆயில் எச்சரிக்கை கேட்காமல் போயிருந்தால் என்ஜின் போயிருக்கும்.

ஃப்யூஸைப் பிடுங்குவதும் இப்படித்தான். வேக மணிக்கென்று தனி ஃப்யூஸ் இருப்பதில்லை. மீட்டருக்கான ஃப்யூஸை எடுத்தால் மீட்டரே அணைந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் எச்சரிக்கை ஒலிகள் ரேடியோ வழியாகவே வருவதால், ரேடியோவை மாற்றினால் எல்லா மணிகளும் சேர்ந்து ஊமையாகிவிடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர தனி இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியிருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: சில பழைய கார்களில் வேக மணிக்கு மட்டும் தனி பஸ்ஸர் இருக்கும். அங்கேயும் ஒயரை வெட்டாமல் கனெக்டரைக் கழற்றி, முனையை மூடி, திரும்ப மாட்டும்படி வையுங்கள். அதுவும் அந்த நாட்டில் மணி கட்டாயமில்லை என்றால் மட்டும்.

வேலை முடிந்ததும்

என்ன மாற்றியிருந்தாலும் கடைசியாக ஒரு சுற்று சோதனை செய்துவிடுங்கள். இக்னிஷன் போட்டு சீட் பெல்ட் போடாமல் இருந்து பாருங்கள், நினைவூட்டல் வர வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறங்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பார்க்கிங் சென்சார் முன்னால் ஆளை நிற்க வைத்து ரிவர்ஸ் போடுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல். எல்லாச் சத்தமும் பழையபடி வந்தால், நீங்கள் எடுத்தது அந்த ஒன்றை மட்டும்தான்.

எந்த மெனுவில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி மேனுவலுக்குள் வைத்துவிடுங்கள். நாளைக்கு அந்தக் காரை வாங்குகிறவர் இரண்டு வாரம் தேட வேண்டியிருக்காது.